37 குறிப்புகளும் பிறகு எழுதிய எட்டும்: அக்கா மகளின் முதல் இணையதளத்துக்குக் கருத்துச் சொன்ன அனுபவம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறார். கடலை, எள், தேங்காய் மூன்றும் அங்கே ஆட்டுகிறார்கள். அந்தச் செக்குக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று அக்கா மகள் தானாகவே முடிவு செய்து, கல்லூரி விடுமுறையில் காணொளிகளைப் பார்த்து, பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்லும் அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸும் கற்றுக்கொண்டு, இலவசமாகக் கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது ஆயத்த மாதிரிப் பக்கத்தை, எடுத்து மாற்றி, நான்கு பக்கங்களைக் கட்டி முடித்துவிட்டு, "சித்தி, பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று எனக்கு இணைப்பை அனுப்பினாள். கோயம்புத்தூரில் 12 ஆண்டுகளாக இணையதளம் வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டிருப்பவள் நான். அன்றிரவே உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் 37 குறிப்புகள் எழுதி அனுப்பினேன். "சரி சித்தி" என்று பதில் வந்தது. அதன்பின் ஒன்பது நாட்கள் தளத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

பத்தாம் நாள் அக்காவிடம் பேசியபோதுதான், தளத்தையே எடுத்துவிடப் போவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. நான் அனுப்பிய பட்டியலை அப்போது மறுபடி திறந்து, அதைப் பெற்றவளின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். "எழுத்துரு சரியில்லை." "நிறம் கண்ணைக் குத்துகிறது." "ஸ்லைடரை எடுத்துவிடு." "கோல பார்டர் பழைய பாணி." குறிப்புகள் இப்படியே போயின. பக்கத்தின் உச்சியிலிருந்து அடிவரை என் கண் போன வரிசையில் அவற்றை எழுதியிருந்தேனே தவிர, எது முக்கியம் என்ற வரிசையே அதில் இல்லை. 'எங்களைப் பற்றி' பக்கம் என் திரையில் ஒரு சொல்கூடப் படிக்க முடியாதபடி வந்தது என்பது 29ஆவது குறிப்பாகக் கிடந்தது. அதற்கு மேலே 4ஆவதாக, பொத்தானின் மூலை வளைவு சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். தொடங்கி மூன்று வாரமே ஆன ஒருத்தியால் இவ்விரண்டில் எது தலைபோகிற காரியம் என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

இரண்டாவது குறை இன்னும் மோசமானது. 37ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது பக்கத்துக்கு வருபவரைத் தடுக்கிறதா, அல்லது எனக்குப் பிடிக்கவில்லையா என்று பக்கத்தில் குறித்தபோது, 11 குறிப்புகள் முழுக்க முழுக்க என் விருப்பு வெறுப்பாகவே இருந்தன. அவற்றை அடித்துவிட்டேன். எட்டுக் குறிப்புகள் ஒரே காரணத்தின் வெவ்வேறு விளைவுகளைத் தனித்தனியே சொல்லியிருந்தன. ஐந்து குறிப்புகளைப் புரிந்துகொள்ளவே அவள் இன்னும் ஓராண்டு கற்க வேண்டியிருக்கும்.

மறுநாள் அவளைத் தொலைபேசியில் அழைத்து, பட்டியலை மறந்துவிடச் சொல்லிவிட்டு, முதல் இரவே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இந்தப் பக்கத்துக்கு யார் வருவார்கள்? வந்தவர்கள் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்? அவளிடம் தெளிவான பதில் இருந்தது. எண்ணெய்ப் பாட்டிலின் ஸ்டிக்கரில் முகவரியைப் பார்த்தவர்கள்தான் வருவார்கள், எல்லோரும் கைப்பேசியில்தான் வருவார்கள், விலையைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் எண்ணெய் கேட்க வேண்டும் என்றாள். வடிவமைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டிய அனைத்துக்கும் அளவுகோல் அந்த ஒரு பதிலில் கிடைத்துவிட்டது. நான் பார்த்ததோ 27 அங்குலத் திரையில்.

அந்தச் சனிக்கிழமை நேரில் போனேன். எதிர்வீட்டு அம்மாவை அழைத்து, அவருடைய சொந்தக் கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து கொடுத்து, இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வேண்டும் என்று கேட்கச் சொன்னோம். அவர் தேடும்போது ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று அக்கா மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன்; அது அவளுக்கு எளிதாக இல்லை, இரண்டு முறை கை நீண்டுவிட்டது. பக்கம் முழுவதும் தபால்தலை அளவுக்குச் சுருங்கி வந்ததால் அந்த அம்மா இரண்டு விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தார். ஸ்லைடரில், அதாவது மேலே மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த படங்களில், இருந்த பாட்டிலைக் காட்டி, "இது நம்ம கடலை எண்ணெய்தானா?" என்று கேட்டார். அது டெம்ப்ளேட்டோடு வந்த ஆலிவ் எண்ணெய்ப் படம். விலைப்பட்டியலைக் கண்டுபிடித்ததும், "லிட்டரா, கிலோவா?" என்றார். தொலைபேசி எண்ணை மூன்று முறை அழுத்தினார். அது படத்துக்குள் எழுதப்பட்ட எண் என்பதால் அழைப்பு போகவில்லை. ஆறு நிமிடம் கழித்து, "நான் நேர்லயே வந்து வாங்கிக்கிறேன் கண்ணு" என்று கைப்பேசியை மடியில் வைத்துவிட்டார்.

என் 37 குறிப்புகள் செய்யாததை அந்த ஆறு நிமிடங்கள் செய்தன. அக்கா மகள் தானாகவே ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதிவிட்டாள். பக்கத்தைச் சுருங்கி வரச் செய்தது எது என்பதிலிருந்து வேலையைத் தொடங்கினோம்.

மடிக்கணினியில் பிரவுசர் எனப்படும் உலாவியின் சன்னலை ஓரத்திலிருந்து இழுத்துக் குறுக்கிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே அடுக்கி வந்ததாகவும், அதனால் கைப்பேசியிலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னாள். நியாயமான நினைப்புதான், இதில் தொழில்காரர்களும் சறுக்குவதுண்டு. சன்னலைக் குறுக்கும்போது சிஎஸ்எஸ் அந்தக் குறுகிய அகலத்தையே பார்த்து வேலை செய்கிறது. கைப்பேசி உலாவியோ, பக்கத்தின் தலைப்பகுதியில், திரையின் அகலத்துக்கே வரையச் சொல்லும் வியூபோர்ட் என்ற மெட்டா வரி இல்லையென்றால், இது பழைய கணினிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, பொதுவாக 980 பிக்சல் அகலத்தில் அதை வரைந்து, பிறகு திரைக்குள் அடங்கும்படி மொத்தமாகச் சுருக்கிவிடுகிறது. டெம்ப்ளேட்டில் அந்த வரி இருந்திருக்கிறது. "தலைப்பகுதியில் எனக்குப் புரியாத வரிகளையெல்லாம் எடுத்துவிட்டேன்" என்றாள். ஏன் எடுத்தாய் என்று கேட்காமல், எந்தெந்த வரிகளை எடுத்தாய் என்று கேட்டதில் எனக்கு இன்னொரு துப்பும் கிடைத்தது. மொழியைச் சொல்லும் குறிப்பு ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் எந்தக் குரலில் படிப்பது என்பதை அந்தக் குறிப்பை வைத்தே தீர்மானிக்கின்றன என்பதால், அதைத் தமிழ் என்று மாற்றினாள்.

அடுத்தது 'எங்களைப் பற்றி' பக்கம். அவள் மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ், மற்ற எல்லாக் கருவிகளிலும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. காரணத்தைப் பார்த்தவுடனே ஊகித்தேன், ஆனால் வாயைத் திறக்காமல், அந்தப் பத்தியிலிருந்து 'தமிழ்' என்ற ஒரு சொல்லை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழுந்தன. மாமா துண்டறிக்கை அடித்த டிடிபி கடையிலிருந்து வாங்கி வந்த கோப்பு அது. பாமினியில் தட்டச்சு செய்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது என்னவோ ஆங்கில எழுத்துதான். கைப்பேசியில் பாமினி இருக்காது, தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் இட்டு எடுத்ததும் நிமிடத்தில் வேலை முடிந்தது என்றாலும், ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்கள் இருக்கும், ஒரு முறை வரி வரியாகப் படித்துவிடு என்றேன். மூன்று இடங்களைப் பிடித்தாள்.

இப்போது 'எழுத்துரு சரியில்லை' என்ற என் பழைய குறிப்புக்கு வருகிறேன். நான் உண்மையில் பார்த்தது என்ன? தலைப்புகளுக்கு அவள் பாப்பின்ஸ் என்ற எழுத்துருவைக் கொடுத்திருந்தாள். அந்த எழுத்துருவில் இலத்தீன் எழுத்துகளும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. எழுத்துருவில் இல்லாத எழுத்தைக் கண்டால் உலாவி கருவியில் இருக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது நிர்மலா யூஐ. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். ஆப்பிள் கருவிகளில் வேறு. ஆகவே அவள் தேர்ந்தெடுத்ததாக நினைத்த எழுத்துருவில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை, அவள் உட்பட. இதைச் 'சரியில்லை' என்ற ஒரு சொல்லில் அடைத்து அனுப்பியது என் சோம்பல். குரோமில் ஓர் எழுத்தின் மேல் வலச்சொடுக்கி, ஆய்வுப் பலகத்தில் கணக்கிடப்பட்ட பண்புகள் பகுதியின் அடியில், உண்மையில் எந்த எழுத்துரு வரையப்பட்டது என்று காட்டும் இடத்தைக் காண்பித்தேன். 'நிர்மலா யூஐ' என்று அங்கே பார்த்ததும், "அப்ப நான் போட்டது எங்க போச்சு?" என்று சிரித்துவிட்டாள். அதன்பின் தமிழ் உள்ள எழுத்துருக்களில் நாலைந்தைப் போட்டுப் பார்த்து, முக்தா மலரைத் தானே தேர்ந்தெடுத்தாள். எனக்கு ஹிந்த் மதுரை பிடிக்கும். சொல்லவில்லை.

எழுத்துருவோடு ஒட்டிய இரண்டு சிறு பழுதுகள் தமிழுக்கே உரியவை. டெம்ப்ளேட் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டதால் வரி உயரம் எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்று இருந்தது. மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரச் சுழியும் இறங்கும் எழுத்துகளுக்கு அது போதாது. 'எண்ணெய்' என்ற சொல்லின் புள்ளிகள் மேல்வரியின் 'கு'வோடு முட்டிக்கொண்டிருந்தன. 1.7 ஆக்கியதும் மூச்சு வந்தது. இன்னொன்று, பத்திகளை இருபுறமும் சீராக நிறுத்தியிருந்தது. அச்சிட்ட புத்தகத்தில் அது அழகு. 360 பிக்சல் அகலத்தில் 'மரச்செக்கிலிருந்து', 'பிழியப்படுகின்ற' போன்ற நீண்ட சொற்கள் வரிக்கு இரண்டோ மூன்றோதான் அடங்கும். மிச்ச இடத்தையெல்லாம் உலாவி சொற்களுக்கு நடுவே தள்ளிவிடுவதால், பத்தியின் குறுக்கே வெள்ளை வாய்க்கால் ஓடியது. இடப்பக்கம் மட்டும் நேராக நிறுத்தச் சொன்னேன், இம்முறை காரணத்தைச் சொல்லித்தான்.

நிறத்தில் எனக்கும் அவளுக்கும் சற்று வாக்குவாதம் வந்தது. இளமஞ்சள் கலந்த வெண்மைப் பின்னணியில் தங்க நிற எழுத்தில் விலைகளை எழுதியிருந்தாள். எண்ணெயின் நிறம் அதுதானே என்பது அவள் கட்சி, அதில் உண்மையும் இருந்தது. "கண்ணைக் குத்துகிறது" என்று நான் எழுதியது ரசனையைக் குறை சொல்வதாகத்தான் அவளுக்குப் பட்டிருக்கிறது. இந்த முறை அளந்து காட்டினேன். இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகுவதற்காக வகுக்கப்பட்ட டபிள்யூசிஏஜி நெறிமுறை 2008இலேயே, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 ஆகவும், பெரிய எழுத்துக்கு 3:1 ஆகவும் இருக்க வேண்டும் என்று ஏஏ என்ற இடைநிலைத் தரத்துக்கு வரையறுத்துவிட்டது. அவளுடைய தங்கமும் வெண்மையும் ஏறக்குறைய 2:1 தான் வந்தன. பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு செக்கு மேட்டு வெயிலுக்குப் போனோம். விலை எண்கள் காணாமலே போய்விட்டன. விகிதக் கணக்கைவிட வெயில்தான் அவளை ஒப்புக்கொள்ள வைத்தது என்று நினைக்கிறேன். தங்க நிறத்தைத் தலைப்பின் கீழ்க்கோட்டுக்கும் பொத்தானின் பின்னணிக்கும் வைத்துக்கொண்டு, எழுத்துகளைப் புண்ணாக்கின் அடர் பழுப்பு நிறத்துக்கு மாற்றினாள். விகிதம் 9:1ஐத் தாண்டியது. புண்ணாக்கு நிறம் என்ற யோசனை அவளுடையது.

விலைப்பட்டியலின் சிக்கலை வடிவமைப்புக் குறிப்புகளில் நான் எழுதவே இல்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் எடை இருக்கும். அதனால் லிட்டர் விலையும் கிலோ விலையும் வேறு. எண்ணெய் வாங்கிப் பழகியவர்களுக்கு இது முதல் கேள்வி. பட்டியலில் வெறும் ரூபாய் எண் மட்டும் இருந்தது. எதிர்வீட்டு அம்மா கேட்ட பிறகு, ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் '1 லிட்டர், 910 கிராம்' என்று சேர்த்தாள். உணவுப் பொருள் என்பதால் பாட்டிலில் உள்ள 14 இலக்க உரிம எண்ணைத் தளத்திலும் போடச் சொன்னேன்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படங்களை அப்படியே ஏற்றியிருந்தாள். ஐந்து படங்களும் சேர்ந்து 21 எம்பி. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, கோப்பளவைக் குறைக்கும் வெப்பி வடிவில் சேமித்ததும் மொத்தம் 600 கேபிக்குள் வந்துவிட்டது. அகலத்தையும் உயரத்தையும் படத்தின் ஹெச்டிஎம்எல் குறிச்சொல்லிலேயே எழுதினால், படம் வந்திறங்கும்போது எழுத்துகள் துள்ளிக் கீழே போகாது என்பதைச் சொன்னேன், செய்துவிட்டாள்.

அன்று மாலை ஊர் திரும்பியதும் எழுதிய இரண்டாவது பட்டியலில் எட்டே குறிப்புகள். ஒவ்வொன்றிலும் நான் கண்டது, அதனால் வருபவருக்கு என்ன ஆகிறது, எங்கே போய்ப் பார்க்கலாம் என்ற மூன்றும் இருந்தன. எப்படித் திருத்துவது என்பதை அவளால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றிய இரண்டு இடங்களில் மட்டுமே எழுதினேன். முதல் குறிப்பை அப்படியே தருகிறேன்: "தொலைபேசி எண் படத்துக்குள் இருக்கிறது. அதனால் அழுத்தினால் அழைப்பு போகவில்லை. எதிர்வீட்டு அம்மா மூன்று முறை அழுத்தியதை நீயும் பார்த்தாய். எண்ணை எழுத்தாகவே வைத்து, அழைப்பு இணைப்பாக்கு. வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் 91 சேர்க்க வேண்டும், கூட்டல் குறி வேண்டாம். விலைப்பட்டியல் முடிந்த இடத்திலேயே ஒரு பொத்தானாக இது இருந்தால் தேடவே வேண்டியதில்லை." பழைய பட்டியலில் இதே விஷயம் "தொடர்பு வசதி பலவீனம்" என்று மூன்று சொற்களில் இருந்தது.

நன்றாக இருந்தவற்றையும் எழுதினேன், ஆனால் கசப்பு மருந்துக்கு முன் கொடுக்கும் சர்க்கரையாக அல்ல. முதல் பட்டியலைப் படித்த பயத்தில், நன்றாக இருந்த பக்க அடுக்கையும் சேர்த்து, தளத்தில் ஏற்றாமல் தன் கணினியில் மாற்றத் தொடங்கியிருந்தாள். எதைத் தொடக் கூடாது என்று நான் சொல்லாததால் வந்த வினை. மூன்று எண்ணெய்களுக்கும் ஒரே அமைப்பில் மூன்று கட்டங்கள், மெனுவில் நான்கே சொற்கள், இவற்றை மாற்றாதே என்று காரணத்தோடு குறிப்பிட்டேன்.

இந்த வேலை முழுவதும் நிதானம் காத்தேன் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை மதியம், விலைக் கட்டங்கள் கைப்பேசியில் ஒன்றின் கீழ் ஒன்றாக வராமல் இழுத்தடித்தபோது, பொறுக்காமல் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி நான்கு வரிகளை நானே தட்டிவிட்டேன். சரியாகிவிட்டது. ஞாயிறு அவள் இன்னொரு பக்கத்தில் அதே கட்டங்களைப் போட்டபோது அதே பழுது வந்தது, எதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் எழுதியதை அழித்துவிட்டு, தொலைபேசியில் பேசியபடியே அவளையே எழுத வைக்க 40 நிமிடம் ஆனது.

ஒரு குறிப்பில் நான் முழுக்கத் தவறு. செக்கு ஆட்டும் முறையை அவள் மிக நீளமாக எழுதியிருந்தாள்: வாகை மரத்து உலக்கை, எள்ளைக் காயவைக்கும் நாட்கள், நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி சேர்க்கும் பக்குவம், பிழிந்த எண்ணெயை வெயிலில் தெளியவைப்பது என்று ஐந்து பத்திகள். கைப்பேசியில் யாரும் இவ்வளவு படிக்கமாட்டார்கள், இரண்டு வரியாகச் சுருக்கு என்று முதல் பட்டியலில் அடித்துச் சொல்லியிருந்தேன். யூனிகோடாக மாற்றிய பிறகு அதே எதிர்வீட்டு அம்மாவிடம் மறுபடி கொடுத்தபோது, அவர் வேறெங்கும் நிற்காமல் அந்தப் பக்கத்தில்தான் நின்றார். கருப்பட்டி சேர்க்கிறார்களா என்ற வரியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "இதத்தான் தேடினேன்" என்றார். அந்த ஐந்து பத்திகளும் அப்படியே இருக்கின்றன. துணைத்தலைப்புகள் மட்டும் சேர்ந்தன. இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் கேட்டு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப அவருக்கு இந்த முறை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது.

எட்டில் ஏழை அவள் செய்து முடித்தாள். ஸ்லைடரைப் பற்றிய எட்டாவது குறிப்புக்கு, "இதுக்கு நான் ஒத்துக்கல சித்தி" என்று பதில் எழுதியிருந்தாள்: செக்கு ஓடுவதைக் காட்ட மூன்று படங்களாவது வேண்டும் என்று மாமா சொல்கிறாராம். ஆலிவ் பாட்டிலை எடுத்துவிட்டு, அவளே எடுத்த மூன்று படங்களை வைத்து, தானாக ஓடுவதை நிறுத்தி, விரலால் தள்ளினால் மட்டும் நகரும்படி செய்திருக்கிறாள். என் ஆட்சேபம் அது தானாக ஓடுவதில்தான் இருந்தது. அதைக் குறிப்பில் நான் சொல்லியிருக்கவில்லை. கோல பார்டரும் இருக்கிறது. குறுகிய கைப்பேசிகளில் அதன் வலது ஓரத்துப் புள்ளி வரிசை பாதி வெட்டுப்படுவதை அவளே கண்டுபிடித்து, என் எட்டுக்குக் கீழே ஒன்பதாவதாகத் தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள். இந்த வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.